இரை மீன்

ஜனவரி 9
வீடு

அன்புள்ள என்னங்க,

இப்படி ஆரம்பிக்கிறேனே என்று சிரிக்காதீர்கள். நேரில் உங்களை வேறு எப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்? மரியாதையாக எழுத உட்கார்ந்தால் தாசில்தாருக்கு மனு எழுதுவதுபோல் இருக்கிறது.

சரக்குக் கப்பல் நாளைக்குக் கிளம்புகிறதாம். உங்கள் கப்பல் பிடித்த மீனை நடுக்கடலில் ஏற்றிக்கொள்ளப் போகும்போது இந்தக் கடிதத்தையும் கொண்டுபோவார்கள் என்று கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். கேப்டன் அறையில் போன் இருந்தும், சமையல்காரர் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேச அதைத் தரமாட்டார்களாம். என்ன கணக்கோ.

நான் நன்றாக இருக்கிறேன். சலவைக்கூடத்தில் இப்போது ஆஸ்பத்திரித் துணிகளும் எங்களிடமே வருகின்றன. நீராவியில் நின்று நின்று முகம் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் வந்து பார்த்தால் தோலை உரித்துவிடப் போகிறீர்கள்.

கம்பெனியின் குடும்பப் பெட்டி மாதம் தவறாமல் வருகிறது. சுறா, வாள்மீன், பெரிய சூரை என்று தடித்தடியான துண்டுகள். கடையில் இதையெல்லாம் விலை கேட்கக்கூடத் துணிவு வராது. வாலுவுக்கு மூன்று வேளையும் மீன்தான் வேண்டும். உங்கள் மகள் அல்லவா.

அவளைப் பற்றித்தான் ஒரு புகார். பள்ளிக்கூடத்தில் பென்சிலை அடிக்கடி கீழே போடுகிறாளாம். எழுத்து முன்பு முத்து முத்தாக இருந்தது, இப்போது கோழி கிளறின மாதிரி. மாடிப்படியைத் தாவித் தாவி ஏறுகிறவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். சோம்பேறித்தனம் என்று திட்டினேன். நீங்கள் அவளுக்கு இரண்டு வரி எழுதினால் கேட்பாள்.

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 2
கடல்

என் வீட்டு மகாராணிக்கு,

உன் கடிதம் வெங்காய மூட்டையோடு மூட்டையாக வந்து இறங்கியது. முதலில் முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை வரும் என்று நினைத்தால் வெங்காய வாசனைதான் வந்தது.

இங்கே எல்லாம் பழைய கதைதான். மைல் கணக்கில் கயிற்றை விடுகிறார்கள், கயிறு முழுக்கக் கொக்கி, கொக்கிக்கு ஒரு மத்தியோ கணவாயோ இரையாக மாட்டியிருக்கும். மறுநாள் இழுத்தால் ஆளுயர மீன்கள். நல்லவை எல்லாம் உறைய வைத்து விற்பனைக்கு. அடிபட்டது, கடிபட்டது என் அடுப்புக்கு. அரிசி, மாவு, வெங்காயம், உருளைக்கிழங்கு தவிர எனக்கு வேறு சரக்குக் கிடையாது. மிச்சத்தைக் கடல்தான் தருகிறது. காலையில் சுறா வறுவல், மதியம் சூரை சூப், இரவுக்கு வாள்மீன். ஆட்கள் தட்டை வழித்து நக்குகிறார்கள்.

சமீபத்தில் ஒரு அவமானம். சாப்பாட்டில் உப்பு கரிக்கிறது என்று டெக்கில் இருக்கும் அத்தனை பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ அது சப்பென்று இருந்தது. நாக்கும் உதடும் மரத்த மாதிரி இருக்கின்றன. விரல் நுனியும் அப்படித்தான், எப்போதும் கையுறை போட்டுக்கொண்டிருப்பதுபோல. உறைந்த மீனை வெட்டுகிற கை, அதனால் இருக்கும்.

மெஷின் அறையில் இருக்கும் டீசலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், என் பக்கத்துப் படுக்கைக்காரன். அவன் இப்போதெல்லாம் ஒரு கதவு விடாமல் தோளை இடித்துக்கொள்கிறான். பக்கவாட்டில் இருப்பது கண்ணுக்கே தெரியவில்லை என்கிறான். கதவுகளுக்கெல்லாம் டீசல் மேல் காதல் வந்துவிட்டது என்று கேலி பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வாலுவைத் திட்டாதே. வளர்கிற பிள்ளை. மீன் நிறையக் கொடு, மூளைக்கு நல்லது என்பார்கள்.

உன்
சமையல்காரன்


ஏப்ரல் 11
வீடு

என்னங்க,

இதை அடுப்பு முன்னால் நின்றுகொண்டு படிக்காதீர்கள். விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய மீனை இனிமேல் வாயில் வைக்காதீர்கள். சுறா, வாள்மீன், பெரிய சூரை எதுவும் வேண்டாம். மற்றவர்களுக்கும் போடாதீர்கள்.

வாலு மாடிப்படியில் உருண்டுவிட்டாள். நெற்றியில் சின்னக் காயம்தான். ஆனால் சலவைக்கூடத்துக்குத் துணி கணக்குப் பார்க்க வரும் நர்ஸக்கா அவள் நடப்பதைப் பார்த்துவிட்டு, கையோடு எங்களைக் குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னார் டாக்டரம்மா. விரல் கன்னத்துக்குப் போனது. வாலு சிரித்தாள், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். தினமும் மீன்தான், அவள் அப்பா கப்பலில் இருக்கிறார் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

பிடரியிலிருந்து கொஞ்சம் முடியை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவள் உடம்பில் பாதரசம் இருக்கிறதாம். ஜுரமானியில் இருக்குமே, அதே பாதரசம், ஆனால் வேறு உருவத்தில். கடலில் கலந்தது சின்ன மீனுக்குள் துளியூண்டு போகிறது. சின்னதைப் பெரியது தின்கிறது, அதை அதைவிடப் பெரியது தின்கிறது. தின்னத் தின்ன வெளியே போகாமல் சேர்ந்துகொண்டே வருகிறது. ஆளுயர மீனில் அத்தனையும் இருக்கிறது. எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றுமில்லையாம், சின்ன மீனிலும் பயமில்லையாம். தினமும் பெரிய மீன், அதுவும் சின்ன உடம்பு என்றால்தான் இப்படி.

நன்றாக வேகவைத்தால் போய்விடாதா என்று கேட்டேன். "வறுத்தாலும் போகாது, வேகவெச்சாலும் போகாதும்மா. அது சதையிலேயே இருக்கு" என்றார். சரியாகிவிடுமா என்று கேட்டேன். "நிறுத்திட்டா உடம்புல இருக்கறது மெல்ல இறங்கிடும். ஆனா நரம்புல நடந்தது நடந்ததுதான். எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது." திரும்பவும் அதையே கேட்டேன். அவரும் திரும்ப அதையே சொன்னார்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாக்கு, விரல், டீசல் அண்ணன் இடித்துக்கொள்ளும் கதவுகள். அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உங்கள் எழுத்தையும் பார்த்தார். நான் கவனிக்கவே இல்லை, ஒவ்வொரு வரியும் போகப் போகக் கீழே இறங்குகிறது.

உங்கள் முடியும் டீசல் அண்ணன் முடியும் வேண்டுமாம். பிடரியில் தோலோடு ஒட்ட வெட்டி, தனித்தனிக் காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். சரக்குக் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் அனுப்புங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

பெட்டியில் மிச்சமிருந்த மீனைக் குப்பையில் கொட்டினேன். பூனை மோந்து பார்க்க வந்தது. அதையும் விரட்டிவிட்டேன்.

உங்கள்
வீட்டுக்காரி


ஜூன் 5
கடல்

மகாராணி,

உன் கடிதம் வந்தபோது வாணலியில் சுறா கிடந்தது. தட்டோடு எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். படித்துவிட்டு அடுப்பை அணைத்து, வாணலியை அப்படியே தூக்கிப்போய்க் கடலில் கவிழ்த்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்கள். வெறும் சோறும் வதக்கின வெங்காயமும் போட்டதும் நிச்சயமே ஆகிவிட்டது அவர்களுக்கு.

சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வாலு மூக்கைத் தொடுகிற இடம் வந்ததும் டீசல் கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கொண்டுபோனான். காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. யாரும் கேலி பண்ணவில்லை. அப்புறம் ஒவ்வொருவனாக, மற்றவன் பார்க்காதபோது தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

நாள் முழுக்கக் கயிறு இழுக்கிற ஆட்களுக்குச் சோறும் வெங்காயமும் எத்தனை நாள் தாங்கும்? பசியில் ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். அப்போதுதான் உறை அறையில் அடுக்கியிருக்கும் இரை மீன் ஞாபகம் வந்தது. மத்தியும் கணவாயும். சின்ன மீனில் பயமில்லை என்று நீதான் எழுதியிருக்கிறாயே. கேட்காமலே ஒரு பெட்டியை உடைத்துச் சமைத்தேன். ஒரு வாரம் தெரியாமல் ஓடியது.

பிறகு கேப்டன் கூப்பிட்டார். கொக்கியில் மாட்ட வேண்டியதை வயிற்றில் போடுகிறாயா என்று சத்தம் போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். "நானும் பொறந்ததுலேருந்து இந்த மீனைத்தான் தின்னுறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றார். சொல்லும்போது அவர் கையிலிருந்த டீக் கோப்பை சாஸரில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். அவரும் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டார். கடைசியில், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி எடுத்துக்கொள், நான் உனக்கு எதுவும் சொல்லவில்லை, நீ எதுவும் கேட்கவில்லை என்றார்.

ஆக, உன் புருஷன் இப்போது சமையலும் செய்கிறான், காவலும் இருக்கிறான். பழக்கத்தில் சுறாத் துண்டைத் திருட்டுத்தனமாகச் சுட்டுத் தின்ன வருகிறவர்களைக் கரண்டியோடு விரட்டுகிறேன்.

முடி இதோடு இருக்கிறது. எனக்கு இருப்பதே நாலு, அதில் ஒரு கொத்து கேட்டால் நான் எங்கே போவேன்? டீசல்தான் வெட்டினான், அவன் பார்வைக்குக் காது தப்பியது பெரிய காரியம்.

வாலு இப்போது மூக்கைத் தொடுகிறாளா? உண்மையை எழுது.

உன்
சமையல்காரன்


ஜூலை 18
வீடு

என்னங்க,

தொடவில்லை. உண்மையைக் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இன்னும் மோசமாகவில்லை என்பதையே நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டரம்மா. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். அவள் பேசுவது எனக்குப் புரிகிறது, வகுப்பில் புரியவில்லையாம். அதனால் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதில்லை. அவளை ஏன் வாலு என்று கூப்பிடுகிறோம் என்று புது டீச்சர் கேட்டார். என்ன சொல்வது?

உங்கள் முடியின் முடிவு வந்துவிட்டது. வாலுவுக்கு இருப்பதைப்போலப் பல மடங்கு. டீசல் அண்ணனுக்கு அதையும் தாண்டி. இன்னும் அங்கேயே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கப்பலை விட்டு இறக்குங்க. மத்ததை அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தா நல்ல மாதிரிதான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடும்பப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னார்: "வெளிநாட்டுக்காரங்க சோதனை பண்ணி வேணாம்னு திருப்பி அனுப்பறதும்மா அது. வீணாப் போகக்கூடாதேன்னு நம்ம குடும்பங்களுக்கே குடுத்துடறோம்." எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். "ஏதோ பாதரசம்னு போட்டிருப்பாங்க. அவங்களுக்கு எல்லாத்துலயும் நொட்டைதான்."

அந்த மாதப் பெட்டி கவுண்டரில் எனக்காகக் காத்திருந்தது. அதைத் தூக்கி அவர் மேஜை மேல் கவிழ்த்துவிட்டேன். மீன் துண்டுகள் வழுக்கிக்கொண்டு தரையெல்லாம் ஓடின. அவர் கோபப்படவில்லை. குனிந்து பொறுக்க ஆரம்பித்தார், வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் தினமும் டாக்டரம்மாவின் சீட்டோடு கம்பெனி கேட்டில் உட்கார்ந்தேன். மற்ற வீட்டுக்காரிகளும் ஒன்றிரண்டு பேராக வந்து சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் எங்களை கேட்டிலிருந்து கிளப்புவதற்காகவே ஒரு கடிதம் கொடுத்தார்கள். உடல்நலக் காரணத்துக்காக ஒரு ஆள் சரக்குக் கப்பலில் ஏறித் திரும்பலாம். ஒரே ஒரு ஆள்தான், அதற்கு மேல் விட்டால் கப்பல் ஓடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடிதம் கேப்டனுக்கு இந்தக் கப்பலிலேயே வருகிறது.

ஏறிவிடுங்கள். துணிமணி எடுக்க வேண்டாம், சம்பளம் கேட்க வேண்டாம். யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம். உங்களுக்கு நின்று யோசிக்கிற வியாதி ஒன்று உண்டு. இந்த ஒரு தடவை யோசிக்காதீர்கள். எனக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று எழுத மாட்டேன், அது உங்களுக்கே தெரியும்.

உங்கள்
வீட்டுக்காரி


செப்டம்பர் 1
கடல்

மகாராணி,

இதை உன் கையில் கொடுப்பவன் டீசல். அவனைத் திட்டாதே. அவன் ஏற மாட்டேன் என்றான். நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கி ஏற்றினோம்.

கேப்டன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைத்தான் கிளம்பச் சொன்னார். நீ போனால் எனக்கும் தலைவலி விடும் என்றார். நான் பையைக் கட்டிவிட்டேன். உனக்கு அது தெரிய வேண்டும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷின் அறைக்கு, சொல்லிக்கொள்ளத்தான் இறங்கினேன்.

டீசல் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டைக் கை பெல்ட்டை உரசிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. நான் இழுத்துப் போடாவிட்டால் கை போயிருக்கும், கையோடு நின்றிருக்குமா என்பதும் சந்தேகம். என்னப்பா விஷயம், எதற்கு இழுத்தாய் என்று அவன் சாதாரணமாகக் கேட்டான்.

கேப்டனிடம் போய், கடிதத்தில் ஒரு ஆள் என்றுதானே இருக்கிறது, சமையல்காரன் என்று இல்லையே என்றேன். மெஷினை அவனுக்குக் கீழே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான். "உன் பொண்டாட்டி வாங்கின சீட்டுடா அது" என்றார் கேப்டன். தெரியும் என்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இறங்கினால் அடுப்புக்கு வேறு ஆள் கிடையாது. டெக்கிலிருந்து எவனையாவது நிறுத்துவார்கள். அவனுக்கு ஒரு சுறாவை வெட்டிப்போடுவது சுலபமா, ஒரு பெட்டி மத்தியைச் சுத்தம் பண்ணுவது சுலபமா? அடுத்த நாளே பழைய சாப்பாடு திரும்பிவிடும். அப்பாவுக்காகக் காத்திருக்கும் வாலு மாதிரிக் குழந்தைகள் இவர்கள் வீட்டிலும் இருக்கின்றன. நான் இத்தனை நாள் என் கையால் இவர்களுக்குப் பரிமாறியவன்.

எனக்கு அவ்வளவு மோசமில்லை. சட்டைப் பொத்தான் மட்டும் போட முடிவதில்லை. கத்தியைக் கட்டை விரலோடு துணியால் கட்டிக்கொண்டு வெட்டுகிறேன். இந்தக் கடிதத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

டீசலைக் குழந்தை டாக்டரம்மாவிடமே கூட்டிப்போ. பெரிய ஆளைப் பார்க்க மாட்டேன் என்றால், அவனும் குழந்தை மாதிரிதான் என்று சொல். வாலுவைப் பள்ளிக்கூடத்தில் பேசச் சொல். புரியாதவர்கள் திரும்பக் கேட்கட்டும்.

உன்
சமையல்காரன்


அக்டோபர் 27
வீடு

என்னங்க,

நீங்கள் வருகிறீர்கள் என்று வாலுவையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருந்தேன். புது கவுன் போட்டு, தலைவாரி. ஏணியில் ஒருவர் கையை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு இறங்கினார். உங்கள் தொப்பியைப் போட்டிருந்தார். வாலு அப்பா என்று கத்திக்கொண்டே தடுமாறித் தடுமாறி ஓடிக் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் குனிந்து அவள் தலையைத் தடவியபடி, நான் இருக்கும் பக்கம் பார்க்கத் தெரியாமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, என்னைத் தூக்கிப் போட்டுட்டாங்க. நான் ஏறலை."

அவரைத் திட்டவில்லை. கடைசிப் படி தெரியாமல் நின்றவரின் கையைப் பிடித்து இறக்கினேன். உங்கள் கடிதத்தை மட்டும் படிக்காமல் அலமாரியில் போட்டுப் பூட்டினேன். பிறகு படித்தேன்.

அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிஷம் உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு வந்தது. யாருக்கும் கேட்காமல் எல்லாவற்றையும் திட்டினேன். உங்களுக்கு அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் ஞாபகம் வந்தார்களே, இந்த வீட்டுப் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு ஏமாந்து நிற்பாள் என்று தோன்றவில்லையா?

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். டீசல் அண்ணன் சொன்னதைக் கேட்டு எல்லாக் குடும்பங்களும் பெட்டிகளைக் கம்பெனி வாசலில் திருப்பி வைத்துவிட்டோம். உணவுத்துறை அதிகாரி வந்தார், எழுதிக்கொண்டார். கப்பலைக் கரைக்குக் கூப்பிடச் சொல்லி உத்தரவு வரும் என்றார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். உத்தரவு வருவதற்குள் கம்பெனி கப்பலை விற்றுவிட்டது. கடலில் இருக்கும்போதே, ஆட்களோடு சேர்த்து. வாங்கினது யார் என்று கேட்டால் குமாஸ்தா உதட்டைப் பிதுக்குகிறார். பேரையும் அழித்து வேறு எழுதிவிட்டார்களாம். இனி இங்கிருந்து சரக்குக் கப்பல் அங்கே போகாது. "எங்க கையில இல்லம்மா இப்ப" என்கிறார், அதே மாதிரித் தண்ணீர் கொடுத்துவிட்டு.

என் சண்டைதான் உங்களைத் தொலைத்துவிட்டதா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடமே கேட்கிறேன். அதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறோம், கடல் காவலர்களிடமும். பதில் இல்லை.

தூரத்துக் கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் படகுக்காரர் ஒருவரைப் பிடித்தேன். "எங்கயாவது கண்ணுல பட்டா குடுக்கறேன்மா. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். இந்தக் கடிதத்தை அவரிடம் தருகிறேன். இதே கடிதத்தை நகல் எடுத்துக் கிளம்புகிற ஒவ்வொரு கப்பலிலும் கொடுக்கப்போகிறேன். சமையல்காரரிடம் கொடுங்கள் என்றால் போதும், கரண்டியோடு நிற்பவர் நீங்கள் ஒருவர்தானே.

வாலு நேற்று வகுப்பில் பேசினாளாம். ஒரு பையன் மூன்று தடவை திரும்பக் கேட்டானாம். மூன்று தடவையும் சொன்னாளாம்.

நீங்கள் இரண்டு நாளாக எழுதிய கடிதத்தைத் தேடித் தேடிப் படித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறீர்கள். வருகிறேன் என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. கடைத்தெருவுக்குப் போனால்கூட அதைச் சொல்லாமல் படி இறங்க மாட்டீர்கள். காரணம் எதுவும் எனக்கு இனி வேண்டாம். கை நடுங்கினால் நடுங்கட்டும். வரி எவ்வளவு கோணினாலும் நான் படித்துக்கொள்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதி, எந்தக் கப்பல் கிடைத்தாலும் அதில் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி